மஞ்சளடித்த கார் ஹெட்லைட்டைக் குறைந்த செலவில் தெளிய வைப்பது: முழுமையான வழிகாட்டி

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் விழுப்புரம் – திருக்கோவிலூர் சாலையில் ராத்திரி கார் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாமல், இரண்டு பக்கமும் கரும்பு துருத்திக்கொண்டு டிராக்டர் டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருக்கும். நம் ஹெட்லைட் காட்டினால்தான் அது அங்கே இருப்பதே தெரியும். அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போன ஒரு ராத்திரியில், அப்படி ஒரு டிரெய்லர் பக்கத்தில் வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்துத் தப்பித்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து காரின் முன்னால் போய் நின்று பார்த்தேன். 2011 மாடல் ஹேட்ச்பேக். இரண்டு ஹெட்லைட்டும் உறைந்த நெய் மாதிரி மஞ்சளாக, உள்ளே பல்பு இருக்கும் இடம்கூடத் தெரியாமல் இருந்தது. தினமும் பார்க்கும் பொருள் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதை நான் கவனிக்கவே இல்லை.

அதன்பிறகு என் காருக்கு இரண்டு முறை, மாமா காருக்கு ஒரு முறை, நண்பர்கள் கார் மூன்றுக்கு என்று இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேய்ப்பது இதில் பாதி வேலைகூட இல்லை. தேய்த்த பிறகு அதன்மேல் என்ன பூசுகிறீர்கள் என்பதுதான் வேலை. பூசாமல் விட்டால் எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்திருந்தாலும் சில மாதங்களில் பழைய கதைதான்.

ஏன் மஞ்சளாகிறது

அம்பாசிடர், பத்மினி காலத்து ஹெட்லைட் நிஜக் கண்ணாடி. உடையும், ஆனால் மஞ்சளாகாது. இப்போது வரும் கார்களில் மெக்கானிக் முதல் கடைக்காரர் வரை எல்லோரும் ‘ஹெட்லைட் கிளாஸ்’ என்று சொன்னாலும் அது கிளாஸ் இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். லேசில் உடையாது, எந்த வளைவிலும் வார்க்கலாம், எடை குறைவு. ஆனால் இரண்டு பலவீனம்: சீக்கிரம் கீறல் விழும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய, கெட்டியான ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். வருடக்கணக்கில் வெயில், மண்துகள், கழுவும்போது ஈரத்துணியோடு சேர்ந்து இழுபடும் தூசி எல்லாம் சேர்ந்து அந்தப் பூச்சைத் தின்றுவிடுகின்றன. முதலில் பூச்சு மஞ்சளாகும், பிறகு திட்டுத்திட்டாக உரியும், கடைசியில் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கே சொரசொரப்பாகும். ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் அதிகமாக மஞ்சளடித்திருந்தால், வண்டி தினமும் எந்தப் பக்கம் வெயில் வாங்கி நிற்கிறது என்று பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும்.

இது அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் பழைய கார்களின் மங்கிய ஹெட்லைட்டுகளைச் சோதித்தது. புதிய விளக்கு தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 20 விழுக்காடுதான் அவற்றிலிருந்து வந்தது. தேய்த்துச் சரிசெய்த பிறகு சுமார் 70 விழுக்காட்டுக்கு ஏறியது. தெரியாமல் போகும் மீதி வெளிச்சத்தில் ஒரு பங்கு எதிரே வருபவர் கண்ணில் சிதறி விழுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையில் உப்புத்தாளை எடுப்பதற்கு முன்னால்

கொஞ்சம் தண்ணீரை ஹெட்லைட் மேல் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது, தேய்த்தால் கண்டிப்பாக வரும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நுண்ணிய விரிசல் தெரிந்து, நகத்தால் வருடினால் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் அது பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே போய்விட்டது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல்புக்குப் பின்னால் வெள்ளி மாதிரி மின்னும் ரிஃப்ளெக்டர் கருகியோ உரிந்தோ இருந்தாலும் தேய்ப்பதில் பயனில்லை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் இதை நன்றாகவே சொன்னார்கள். ஒரு ஹெட்லைட்டைக் கையில் எடுத்து, “பாய், இது கிளாஸ் நல்லா இருக்கே, என்ன விலை?” என்று கேட்டேன். அவர் அதை வாங்கி, பின்பக்க மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். அடிப்பக்கம் முழுக்க ரசம் போன கண்ணாடி மாதிரி கறுத்திருந்தது. “தம்பி, கிளாஸு மங்கிப்போனா தேய்ச்சுக்கலாம். உள்ள வெள்ளி போச்சுன்னா போச்சுதான். இது வேணாம், வேற பாரு” என்று அவரே அதை ஓரமாக வைத்துவிட்டார்.

மழைக்குப் பிறகு உள்ளே லேசாக ஆவி பிடித்து, விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் போய்விட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் அடியில் தண்ணீர் தேங்கி ஆடினால், பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருக்கும், அல்லது பசை விட்டிருக்கும். முதலில் அதைச் சரிசெய்து, உள்ளே நன்றாகக் காய விட்டுவிட்டு அப்புறம் வெளி வேலைக்கு வாருங்கள்.

இணையத்தில் சொல்கிற குறுக்குவழிகள்

டூத்பேஸ்ட்டில் மெல்லிய உரசும் தூள் இருப்பதால் மேலோட்டமான மஞ்சளைக் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், சில வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் முன்பைவிட வேகமாக மங்கியது, ஏனென்றால் மிச்சமிருந்த பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிட்டிருந்தேன். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே, தேங்காய் எண்ணெய் எல்லாம் கீறல்களை நிரப்பி ஈரமாக வைத்திருக்கும்வரைதான். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பாலிகார்பனேட்டை அவை விரிசலடிக்க வைக்கும். டீட் கலந்த கொசு விரட்டி ஸ்ப்ரேயும் அப்படித்தான், மேற்பரப்பை இளக்கிவிடுவதால் பளபளப்பு வந்த மாதிரி தெரியும், பிறகு கெட்டுப்போகும்.

ஒரு சின்னக் குவளையில் திரவத்தைச் சூடாக்கி அதன் ஆவியை ஹெட்லைட் மேல் காட்டுவார்கள், நொடியில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வீடியோவில் பார்க்க அற்புதமாக இருக்கும். அந்தத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் வகையறா. ஆவி பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை உருக்குகிறது, வழவழப்பாகிறது, வெயிலைத் தடுக்க மேலே எதுவும் சேர்வதில்லை. அதைவிட முக்கியம், அந்த ஆவியை மூச்சில் இழுப்பது நல்லதே இல்லை. வீட்டு போர்டிகோவில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வாங்க வேண்டியவை

பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள், சாதாரண மர உப்புத்தாள் இல்லை. 400, 800, 1000, 1500, 2000 நம்பர்களில் இரண்டிரண்டு தாள், 3000 கிடைத்தால் ஒன்று. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். ஒரு நல்ல மாஸ்கிங் டேப், கார்களுக்கான ரப்பிங் காம்பவுண்ட் ஒரு சின்ன டப்பா, பழைய பனியன் துணி, ஸ்ப்ரே பாட்டிலில் இரண்டு சொட்டு கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மருந்துக் கடையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். தாளுக்குப் பின்னால் கையணைவாக வைக்கப் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் போதும். தட்டையான இடங்களுக்குப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு அதைவிட நன்றாக வேலை செய்யும். இதெல்லாம் சேர்த்து எனக்கு 600 ரூபாய்க்குள் முடிந்தது, மிச்சத்தை வைத்து இன்னொரு காரையும் முடித்தேன்.

தேய்ப்பது

நிழலில் நிறுத்துங்கள். போனட்டும் ஹெட்லைட்டும் ஆறியிருக்க வேண்டும், அதனால் காலை வேளைதான் வசதி. நன்றாகக் கழுவித் துடைத்து, ஹெட்லைட்டைச் சுற்றி பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள், பம்பர் விளிம்பில் இன்னும் ஒரு அடுக்கு கூடுதலாக. கை எப்படியும் ஒருமுறையாவது தவறும், 400 நம்பர் பேப்பர் ஒரு இழுப்பு பெயிண்ட்டில் பட்டாலே போதும், ஹெட்லைட்டுக்கு மிச்சப்படுத்திய காசு டிங்கரிங் பட்டறைக்குப் போய்விடும். ஹெட்லைட்டையே கழற்றி மேசைமேல் வைத்துச் செய்ய முடிந்தால் இன்னும் நிம்மதி.

தாள்களைத் தேய்ப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே தண்ணீரில் ஊறப் போடுங்கள். பூச்சு உரியாமல் வெறும் மஞ்சள் மட்டும் என்றால் 800இல் ஆரம்பிக்கலாம், திட்டுத்திட்டாக உரிந்திருந்தால் 400தான். ஒரு கையால் தண்ணீர் அடித்துக்கொண்டே, இன்னொரு கையால் லேசான அழுத்தத்தில் இடமிருந்து வலமாக நேர்க்கோட்டில் தேய்க்க வேண்டும், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஆரம்பத்தில் வழிந்து வரும் தண்ணீரைப் பாருங்கள், மஞ்சள் கலந்த அழுக்கு நிறத்தில் இருக்கும். அதுதான் செத்துப்போன பூச்சு. தேய்க்கத் தேய்க்க நிறம் வெளுத்து, ஒரு கட்டத்தில் நீர்த்த பால் மாதிரி வெள்ளையாக வழியும். கையிலும் வித்தியாசம் தெரியும். முதலில் தாள் அங்கங்கே வழுக்கி அங்கங்கே பிடிக்கும், பூச்சு முழுக்கப் போனதும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்து இழுக்கும்.

இந்தக் கட்டத்தில் துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் பதறும், ஏனென்றால் முன்பைவிட மோசமாக, முழுக்க வெண்மூட்டமாக இருக்கும். அது சரியான அறிகுறிதான். அந்த மூட்டத்தில் எங்காவது தேசப்படத்தில் நாட்டு எல்லை வரைந்த மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தால், அங்கே பழைய பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். கடைசியில் விளக்கு எரியும்போது அந்த விளிம்பு அப்படியே தெரியும். பெரும்பாலும் மேல் ஓரத்திலும் இண்டிகேட்டர் பக்க மூலையிலும்தான் மிச்சமிருக்கும், விரல் நுனியில் தாளைச் சுற்றி அங்கே நேரம் கொடுங்கள்.

அடுத்த நம்பருக்குப் போகும்போது திசையை மாற்றுங்கள். 400 கிடைமட்டம் என்றால் 800 மேலிருந்து கீழ், 1000 மறுபடி கிடைமட்டம். முந்தைய தாள் போட்ட கோடுகள் ஒன்றுகூடத் தெரியாத வரை அதே நம்பரில் தொடர வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஹெட்லைட்டையும் ஸ்பாஞ்சையும் நன்றாகக் கழுவுங்கள், முந்தைய தாளின் ஒரு மணல் துகள் தங்கினாலும் ஆழமாகக் கோடு கிழிக்கும். ஒரு ஹெட்லைட்டுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, அதில் பாதி நேரம் முதல் தாளிலேயே போகிறது, அப்படித்தான் போக வேண்டும்.

எந்த நம்பரோடு நிறுத்துவது என்பது மேலே என்ன பூசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பூச்சு

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி டூகே கிளியர், அதாவது கார் பெயிண்ட்டுக்கு மேல் கடைசியாக அடிக்கும், கெட்டிப்படுத்தும் ஹார்டனர் கலந்த அதே நிறமற்ற கிளியர். இதற்கு 1000 நம்பரோடு நிறுத்திவிடுங்கள். காம்பவுண்ட் போட வேண்டாம். கிளியர் பிடித்து நிற்க அந்தச் சொரசொரப்பு வேண்டும், நுண்ணிய கோடுகளைக் கிளியரே நிரப்பித் தெளிவாக்கிவிடும். ஆனால் இதை வீட்டில் அடிக்காதீர்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகக்கவசமோ சாதாரண தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுக்கும். செலவைக் குறைக்க நான் செய்வது இதுதான்: தேய்க்கும் வேலை முழுவதையும் வீட்டில் நானே முடித்து, ஹெட்லைட் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்த பெயிண்டிங் பட்டறைக்குப் போய், “அண்ணே, அடுத்து எந்த வண்டிக்குக் கிளியர் அடிக்கிறீங்களோ அதோட சேர்த்து இதுக்கும் ரெண்டு கோட் அடிச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வருவேன். அவருக்கு தனியாகக் கலக்கும் வேலை இல்லை, ஸ்ப்ரே துப்பாக்கியைத் தனியாகக் கழுவும் வேலை இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 500 ரூபாய் வாங்கினார். மழைக்காலத்தில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் கிளியர் வெளுத்துப்போக வாய்ப்புண்டு.

பட்டறை வசதி இல்லை என்றால் அடுத்தது ஹெட்லைட்டுக்கென்றே வரும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. துடைத்துப் பூசுவதும் உண்டு, ஸ்ப்ரேயும் உண்டு. இவற்றுக்கு 2000, 3000 வரை தேய்த்து, காம்பவுண்டைப் பனியன் துணியில் எடுத்துக் கை வலிக்க மெருகேற்ற வேண்டும். டிரில்லில் பஃப் மாட்டிச் செய்தால் சீக்கிரம் முடியும், ஆனால் வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், சூடேறினால் பிளாஸ்டிக் இளகிக் கெட்டுவிடும். பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போன பிறகு, பாட்டிலில் போட்டிருக்கும் குறிப்புப்படி பூச வேண்டும். பூசியபின் அன்றைக்கு நனையக் கூடாது. மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கிற சாதாரண ஸ்ப்ரே கிளியரை வாங்கிவிடாதீர்கள், வெயிலில் அதுவே மஞ்சளாகி உரியும்.

கையில் எதற்குமே பணம் இல்லை என்றால் நல்ல கார் மெழுகைப் பூசுங்கள், ஆனால் அதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விடாமல் செய்ய வேண்டும். நான் முதல் முறை சரியாகத் தேய்த்துவிட்டு எதுவும் பூசாமல் விட்டேன். பிப்ரவரியில் தேய்த்தது, அக்னி நட்சத்திரம் முடியும்போது ஓரங்களில் மறுபடி மஞ்சள் ஏறிவிட்டது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

உள்விரிசல், ரிஃப்ளெக்டர் கருகியது, மாட்டும் காது உடைந்தது, இந்த மூன்றுக்கும் மாற்றுவதுதான் வழி. கம்பெனி ஷோரூம் விலையை முதலில் போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு லூமாக்ஸ், யூனோ மிண்டா மாதிரி கார் கம்பெனிகளுக்கே விளக்கு செய்து கொடுப்பவர்களின் வெளிச்சந்தைப் பொருள் உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று ஸ்பேர் கடையில் விசாரியுங்கள், சென்னை என்றால் ஜி.பி. ரோடு. பல மாடல்களுக்கு ஷோரூம் விலையைவிட நன்றாகவே குறையும். பெயர் தெரியாத மலிவுப் பொருளில் விளிம்புகள் சரியாகப் பொருந்தாது, ஒளியும் சிதறும். வாங்கும்போது உங்கள் வண்டியின் வருடம், பல்பு வகை, ஒளியை மேலே கீழே நகர்த்தும் லெவலிங் மோட்டார் உள்ளே உண்டா இல்லையா, மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழையது வாங்குவதானால் பின்மூடியைத் திறந்து ரிஃப்ளெக்டர், காதுகள், கனெக்டர், இந்த வரிசையில் பாருங்கள். வெளியே மஞ்சளாக இருந்தால் அது பேரத்துக்கு உங்கள் பக்கம்; விலையைக் குறைத்து வாங்கி வந்து தேய்த்துக்கொள்ளலாம். வலப்பக்கம் வண்டி ஓடும் நாடுகளுக்குச் செய்த ஹெட்லைட்டை மட்டும் வாங்காதீர்கள். அதன் டிப் ஒளி, அதாவது தாழ்த்திய ஒளி, சாலையோரத்துக்குப் போகாமல் எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறும்.

மாட்டுவது மாடலுக்கு மாடல் மாறும். சிலதில் மேலே இரண்டு போல்ட் கழற்றினால் போதும், பலதில் பம்பரின் ஒரு பக்கத்தையாவது தளர்த்த வேண்டும். கிளிப்புகளை இழுத்து உடைக்காதீர்கள், அவை இல்லாமல் பம்பர் தொங்கும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி ஆயுள் குறையும்.

வெளிச்சம் போதவில்லை என்று பல்பை மட்டும் பெரிதாக மாற்றும் யோசனை வரும். பல கார்களில் வரும் ஹெச்4 பல்பு 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, டிப்புக்கு 55. அந்த இடத்தில் 100/90 போட்டால் சூட்டில் கனெக்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், கிளாஸும் சீக்கிரம் போகும். மங்கிய கிளாஸுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய பல்பு வைத்தாலும் எதிரே வருபவர் கண்தான் கூசும்.

ஒளியை இறக்கிச் சரிசெய்வது

கழற்றி மாட்டினால் இதைச் செய்யாமல் சாலைக்குப் போகாதீர்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுபவர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். காருக்குள் ஒளியின் உயரத்தை மாற்றும் லெவலிங் குமிழ் இருந்தால் அதை 0வில் வையுங்கள். தரையிலிருந்து ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தை அளந்து அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். டிப் போட்டால் ஒளியின் மேல் விளிம்பு அந்த டேப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே நிற்க வேண்டும், இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறிப் போகும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பி ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதை அட்டையால் மறைத்துக்கொள்வது நல்லது.

என் காருக்குக் கிளியர் அடித்து இரண்டு கோடை தாண்டிவிட்டது. வண்டியைச் சுவர்ப் பக்கம் மூக்கை வைத்து நிறுத்துகிறேன், ஷாம்பு போட்டுத்தான் கழுவுகிறேன், காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பதே இல்லை. போன மாதம் இடப்பக்க ஹெட்லைட்டில் கல் பட்டு அரிசியளவுக்குக் கிளியர் தெறித்திருக்கிறது, அதைச் சுற்றி மெல்லிய வளையமாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் தொட்டு ஒட்டுப் போட்டால் விளிம்பு தெரியும் என்பதால், மழை ஓய்ந்து தை பிறந்ததும் அந்த ஒரு ஹெட்லைட்டை மட்டும் கழற்றி, 400இல் இருந்து மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன்.